முழுப் பிள்ளையும் இரண்டு காலும்

பலெர்மோ, பிரான்காச்சோ
18 நவம்பர் 2024

குகனேஸ்வரி அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எழுதேல்லை. குகா அக்கா எண்டுதான் எழுத வெளிக்கிட்டன், கை அருவருத்துப் போச்சு. அதுதான் முழுப்பேர். ஆறு வருசம் எதிர்க்கதவிலை இருந்து, என்ரை குசினியிலை புட்டும் கறியும் திண்டுபோட்டு பகேரியாவுக்கு வீடு மாறின ஆளுக்கு இதுக்கு மேலை மரியாதை தர என்னாலை ஏலாது.

உங்கடை நம்பரை புளொக் பண்ணிப்போட்டன். போனிலை கதைச்சால் என்ரை வாய் நிக்காது. நீங்களும் அதைப் பிடிச்சு ஆருக்கும் மொழிபெயர்த்துக் குடுத்திடுவியள். அதாலைதான் கடதாசி.

என்ரை மகள் கிளறாவின்ரை பள்ளிக்கூடத்துக்கு இந்த வருசம் வந்த ஒர்னெல்லா ரீச்சர், முதல் பெற்றோர் கூட்டத்திலையே சொன்னா: நாங்கள் பாடத்தை மட்டும் படிப்பிக்கிறேல்லை, முழுப் பிள்ளையைப் படிப்பிக்கிறம், தலை, கை, மனம் மூண்டையும். நானும்தான் கை தட்டினன். பள்ளிக்கூட முத்தத்திலை முள்ளங்கி நட்டு, பிள்ளை மண் கையோடை சிரிச்சுக்கொண்டு வந்த நேரம் எனக்கும் சந்தோசம்தான். பிறகு செவ்வாய்க்கிழமையளிலை ஒரு வட்டம் தொடங்கினா. பிள்ளையள் கம்பளத்திலை சுத்தி இருக்க வேணும், ஒரு கல்லைக் கை மாத்த வேணும், கல்லு ஆற்றை கையிலையோ அவர் தன்னைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேணும். தன்னைத் தானே அறியிறதாம். ஒன்பது வயசுப் பிள்ளையள்.

என்ரை பிள்ளை கல்லைப் பிடிச்சுக்கொண்டு இத்தாலியனிலை சொல்லியிருக்கிறாள்: அம்மா என்ரை காலை முறிச்சு அடுப்புக்குள்ளை வைப்பன் எண்டு சொல்லுறவா.

ஓம், சொன்னனான். சொல்லாமல் கொள்ளாமல் கீழை இறங்கி, மோட்டச்சைக்கிள் பறக்கிற றோட்டுக்குப் போனாள். சொன்னனான். எங்கடை ஊரிலை இந்த வசனம் கேளாமல் வளந்த பிள்ளை ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்.

கூட்டத்துக்குக் கூப்பிட்டினம். என்ரை மனிசன் பேனாட்டுக்கு மொண்டெல்லோவிலை வேலை, நான் தனியப் போனன். மொழிபெயர்க்க நீங்கள் வந்து இருந்ததைக் கண்டதும், அப்பாடா, எங்கடை ஆள் எண்டு நினைச்சன். என்னைப் போல மடைச்சி இல்லை. நான் தமிழிலை சொன்னது இதுதான்: "ஓம், சொல்லுறனான், எந்தத் தாய் சொல்லேல்லை, குழப்படி செய்தால் ஏசுறதுதானே." நீங்கள் அவைக்குச் சொன்னது: "ஓம். அடிக்கடி சொல்லுறாவாம். எங்கடை சமூகத்திலை பிள்ளையளின்ரை பேச்சை ஒருத்தரும் காது குடுத்துக் கேக்கிறேல்லை." நான் சிஞ்ஞோரா வீட்டிலை நிலம் துடைக்கிறவள்தான். இத்தாலியன் பேப்பர் வாசிக்க வராது. ஆனால் இவ்வளவு இத்தாலியன் எனக்கு விளங்கும். அந்தக் கடைசி வசனம் என்ரை வாயிலை இருந்து வரேல்லை. உங்கடை வயித்துக்கை இருந்து வந்தது.

போன கிழமை பிள்ளையள் நலன் பாக்கிற அரசாங்கக் கந்தோரிலை இருந்து ஒரு பொம்பிளை வீட்டை வந்தா. பிரிஜ்ஜைத் திறந்தா. கட்டிலைப் பாத்தா. பிறகு ஓவனைத் திறந்தா. உள்ளுக்கை தாச்சியும் புட்டுப்பானையும். எங்கடை சனத்திலை ஆர் ஓவனிலை சமைக்கிறது, சட்டிபானை வைக்கிற இடம்தானே அது. அப்ப நீங்கள் பாவிக்கிற ஓவன் எங்கை எண்டு கேட்டா. அடுப்பு எண்டதை ஓவன் எண்டு மொழிபெயர்த்த புண்ணியவதி நீங்கள்தானே.

சனவரிக் கடைசியிலை திரும்பக் கூட்டமாம். கிளறாவை எங்களோடை விடுறதோ, இல்லை கொஞ்சக் காலத்துக்குப் பிள்ளையள் விடுதியிலை வைக்கிறதோ எண்டு அதிலை முடிவெடுப்பினமாம். என்ரை பிள்ளையை. அந்தக் கூட்டத்துக்கும் நீங்கள்தான் வாறியளாம். வந்து அந்த வசனத்துக்கு அர்த்தம் என்ன எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் உங்களிட்டைக் கேக்கேல்லை.

எமிலியானா


பகேரியா
25 நவம்பர் 2024

எமிலி,

இதை நீ நிதானமா வாசிக்க வேணும். விசயம் முடியும் வரைக்கும் உங்கடை குடும்பத்தோடை நான் தனிய ஒரு தொடர்பும் வைக்கக்கூடாது எண்டு எனக்குச் சொல்லியிருக்கினம். அப்பிடியிருந்தும் எழுதிறன்.

நீ என்னை முழுப்பேர் போட்டுக் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாமல் விட்டாலும் சரி. நான் அங்கை வந்தது உன்ரை ஆளாயும் இல்லை, அவையின்ரை ஆளாயும் இல்லை. மொழிபெயர்க்கிற ஆள் கண்ணாடி மாதிரி நிக்க வேணும். நீ சொல்லுறனான் எண்டாய், நான் சொல்லுறா எண்டன். அடுப்புக்கு வேறை என்ன சொல்லைப் போடச் சொல்லுறாய்? விறகும் மூண்டு கல்லும் எண்டு விளங்கப்படுத்தியிருந்தால் அவை இன்னும் பயந்திருப்பினம்.

நீ அந்த வட்டத்தைப் பற்றி நக்கலா எழுதியிருக்கிறாய். முதல்லை நானும் அப்பிடித்தான் நினைச்சனான். இந்த முறையைப் பற்றி மொழிபெயர்க்கிற எங்களுக்கு ஒரு பயிற்சி வைச்சவை. கண்ணை மூடு, உனக்குள்ளை இப்ப என்ன இருக்கு எண்டு பார் எண்டினம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நிண்டு போச்சு. ஐம்பது வயசு தாண்டி, முதல்தரம் ஒராள் என்னைப் பாத்து உனக்கு எப்பிடி இருக்கு எண்டு கேட்டு, மறுமொழிக்குக் காத்துக்கொண்டிருந்தது. நாங்கள் படிச்ச பள்ளிக்கூடங்களிலை பிள்ளை எண்டால் பிரம்புக்குக் கை நீட்டுற ஒரு உருப்படி. வாய்ப்பாடு தெரியுமோ, தெரியாதோ. அவ்வளவுதான். இஞ்சை பிள்ளையை முழுசாப் பாக்கினம். அது கூத்து இல்லை.

இன்னொண்டு. நீ மூண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஓவனைப் பற்றி எழுதியிருக்கிறாய், என்ரை வயித்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்த வசனத்தைக் கேக்கேக்கை கிளறா பயந்தவளோ எண்டு ஒரு இடத்திலையும் எழுதேல்லை. நீ அவளிட்டைக் கேட்டனியோ?

குகனேஸ்வரி


பிரான்காச்சோ
9 டிசம்பர் 2024

குகனேஸ்வரி அவர்களுக்கு,

கேட்டன். நீங்கள் சொன்னதுக்காக இல்லை, உங்கடை கடிதத்தை வாசிச்ச பிறகு எனக்கு நித்திரை வரேல்லை, அதுக்காக. முதல்லை கண்ணாடிக் கதையை முடிக்கிறன். கண்ணாடி தன்ரை பாட்டிலை ஒரு வசனம் சேர்த்துச் சொல்லுமோ? எங்கடை சமூகத்திலை எண்டு தொடங்கினது எந்தக் கண்ணாடியிலை தெரிஞ்சது? குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர் எண்டு சும்மாவோ சொன்னவை. உங்கடை மகன் ரஜீவன் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்ட அண்டைக்கு, எங்கடை மாடி முழுக்கக் கேக்க நீங்கள் கத்தினது எனக்கு ஞாபகம் இருக்கு: பெத்த வயித்திலை பிரண்டையைக் கட்டோணும். அதையும் ஒருக்கா மொழிபெயர்த்துப் பாருங்கோ. இந்தத் தாய் தன்ரை வயித்திலை ஒரு செடியைக் கட்டப்போறாவாம், உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ எண்டு.

இப்ப கிளறா சொன்னது. நான் அவளை வெருட்டேல்லை. சீப்பாலை தலை இழுத்துக்கொண்டு மெல்லமாக் கேட்டனான்.

வட்டத்திலை ஆர் துக்கமான விசயம் சொல்லினமோ, அவையை ரீச்சர் மடியிலை இருத்திக் கட்டிப்பிடிக்கிறவாவாம். ஒரு பெடியன்ரை தகப்பன் மறியலிலை, ஜெயிலிலை. அவனுக்கு மடி கிடைச்சுது. ஒரு பெட்டையின்ரை தாய் வீட்டை விட்டுப் போட்டா. அவளுக்கும் மடி. மற்றப் பிள்ளையளெல்லாம் அவையைச் சுத்தி அழுதவையாம். கிளறாவுக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. கல்லு வர வர அடுத்த பிள்ளைக்குக் குடுத்திருக்கிறாள். அப்ப ரீச்சர் சொன்னாவாம், கிளறா, நீ உன்னைப் பூட்டி வைச்சிருக்கிறாய், நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டு இருக்கிறம் எண்டு. எல்லாரும் இவளைப் பாத்தவையாம். இவள் வீட்டை வந்து கட்டிலிலை கிடந்து யோசிச்சிருக்கிறாள், என்ரை வீட்டிலை என்ன துக்கம் இருக்கு எண்டு. "எனக்கு ஒண்டுமே இருக்கேல்லை அம்மா, அதுதான் அதைச் சொன்னனான்" எண்டாள். சொன்னதும் அவளுக்கும் மடி கிடைச்சுதாம்.

பயந்தனியோ எண்டு கேட்டன். இல்லையாம். எங்கடை வீட்டு அடுப்புக்கை என்ரை கால் கொள்ளாதே எண்டு சிரிக்கிறாள்.

நான் எழும்பிப் போய் குளியலறைக் கதவைப் பூட்டிப்போட்டு ஓங்காளிச்சன். பொய் சொல்லுறன் எண்டு நினைச்சால் நினையுங்கோ. ஒரு பிள்ளை தனக்குத் துக்கம் இல்லையெண்டு வெக்கப்பட்டிருக்கிறாள். துக்கம் தேடித் தன்ரை தாயைக் கொண்டு போய்க் குடுத்திருக்கிறாள். இதுதானோ முழுப் பிள்ளை? ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம். பிரம்படி வாங்கினம் எண்டு எழுதினியள். ஓம், வாங்கினம். ஊரிலை, பேசாலைப் பள்ளிக்கூடத்திலை எனக்கும் கை வீங்கினது. ஆனால் அந்த வாத்தியார் கையோடை விட்டவர். உள்ளுக்கை என்ன இருக்கு எண்டு தோண்டேல்லை.

நேற்று மாதாவின்ரை திருநாள். பூசை முடிய எங்கடை கோயில் சனத்திலை விமலராணி வந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, பிள்ளைக்கு ஏதும் சுட்டுக்கிட்டு விட்டனியோ, என்னட்டை மட்டும் சொல்லு எண்டு கேக்கிறா. கோயில் வாசலிலை. விசயம் அவ்வளவு தூரம் வந்திட்டுது. அரியண்டம் பிடிச்ச சனம்.

இப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும். பிள்ளை ஏன் சொன்னவள் எண்டும் தெரியும். கூட்டத்திலை சொல்லுவியளோ, மாட்டியளோ? ஒரு சொல்லிலை மறுமொழி போடுங்கோ.

எமிலியானா


பகேரியா
20 டிசம்பர் 2024

எமிலி,

ஒரு சொல்லிலை ஏலாது.

பிள்ளை சொன்னதை நீ எழுதினபடியே நான் ஒர்னெல்லா ரீச்சரிட்டைச் சொன்னன். அந்த மனிசி கூடாத ஆள் இல்லை, எமிலி, கண் கலங்கினது. பிறகு கேட்டா, அப்பிடியெண்டாலும், அத்தனை வசனத்துக்கை அவள் ஏன் அதைத் தெரிஞ்செடுத்தவள் எண்டு. நான் எழும்பி வந்திட்டன்.

அப்பிடி எழும்பி வந்ததுக்குக் காரணம் இருக்கு. அதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, ரஜீவனின்ரை தகப்பனுக்குக்கூட விபத்து எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்.

நான் சரிச்சுச் சரிச்சு நடக்கிறதை நீ வாத்து நடை எண்டு பகிடி பண்ணுவாய். நானும் சேர்ந்து சிரிப்பன். ஊரிலை, விசுவமடுவிலை, எனக்குப் பத்து வயசு. பெட்டையளோடை குளத்துக்குப் போனனான், சொல்லாமல். ஐயா முதலே சொல்லியிருந்தவர், வீட்டுப்படி தாண்டினால் காலை அடுப்புக்கை வைப்பன் எண்டு. அவர் சொன்னதைச் செய்யிற மனிசன். கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு குசினிக்குக் கொண்டுபோனார். வலது கால். அம்மா அவரின்ரை முதுகிலை அடிச்சு அடிச்சுக் கத்தினா. வேலிக்கு அங்காலை சனம் நிண்டது. நான் கத்தினதும் அவைக்குக் கேட்டது. தகப்பன் பிள்ளையை ஏசுறார், எல்லா வீட்டிலையும் உள்ளதுதானே எண்டு ஒரு பொம்பிளை சொன்னதும் எனக்குக் கேட்டது. ஒருத்தரும் வேலிப் படலையைத் திறக்கேல்லை.

நீ எனக்கு எழுதினது அந்தப் பொம்பிளை சொன்ன அதே கதை. எந்தத் தாய் சொல்லேல்லை. எந்த வீட்டிலை இல்லை. உனக்கு அது வாய்ச்சொல்லு. எனக்கு அது என்ரை கால். தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும். அண்டைக்குக் கூட்டத்திலை உன்ரை வாயிலை இருந்து அது சிரிச்சபடி வந்த நேரம் நான் மேசைக்குக் கீழை வலது காலை இழுத்து வைச்சன். எங்கடை சமூகத்திலை எண்டு நான் சேர்த்த வசனம் பிழையெண்டு நீ சொல்லலாம். சேர்த்தது என்ரை வேலைக்குப் பிழை. ஆனால் அந்த வசனம் பொய்யில்லை. அதைத் திருப்பி எடுக்க மாட்டன்.

எனக்குத் தெரியும் நீ அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை. ஆறு வருசம் உன்ரை கதவைப் பாத்துக்கொண்டு இருந்தனான். ஆனால் தெரியும் எண்டு நான் சொன்னால் அவை நம்புவினமோ? எங்கடை அயலும் என்ரை ஐயாவைத் தெரியும் எண்டுதான் சொன்னது.

கூட்டத்துக்கு வாறன். உன்ரை பிள்ளை உன்னட்டைத்தான் இருக்க வேணும், அதிலை எனக்குச் சந்தேகம் இல்லை. அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு மட்டும் இன்னும் தெரியேல்லை.

குகா


பிரான்காச்சோ
2 பெப்ரவரி 2025

குகா அக்கா,

உங்கடை மார்கழிக் கடிதத்துக்கு நான் மறுமொழி போடேல்லை. என்னத்தைப் போட. கனதரம் வாசிச்சன். பேனாட்டுக்கும் வாசிச்சுக் காட்டேல்லை, அது உங்கடை விசயம்.

கூட்டத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்கு நெஞ்சு வெடிச்சிடும். நீங்களும் அங்கை இருந்தனியள், ஆனால் நீங்கள் கதைக்கிறதிலை இருந்தியள், நான் பாத்துக்கொண்டு இருந்தனான்.

அந்த வசனம் எங்கடை சனத்தின்ரை வாய்வழக்கு எண்டு நீங்கள் சொன்னதை ஆரும் நம்பேல்லை. நலன் பாக்கிற பொம்பிளை பேனையை உருட்டிக்கொண்டு இருந்தா. அப்பதான் நீங்கள் குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டினியள். சொக்ஸையும் உருவிப்போட்டு, காலைத் தூக்கிக் கதிரையிலை வைச்சு, உள்ளங்காலை அவைக்குக் காட்டினியள். அந்தத் தோல். அந்த ரெண்டு விரல். அக்கா, உங்கடை ஐயா செத்திருந்தாலும் அவரின்ரை குழியிலை துப்ப வேணும் போலை இருக்கு. உண்மையா அடுப்புக்கை வைச்சால் கால் இப்பிடித்தான் இருக்கும் எண்டு சொன்னியள். நலன் பாக்கிற பொம்பிளை பேனையைக் கீழை வைச்சா.

அதோடை நிப்பாட்டியிருக்கலாம். பிள்ளையின்ரை காலைப் பாருங்கோ எண்டு சொன்னியள்.

வகுப்பிலை இருந்து கூட்டிக்கொண்டு வந்தினம். கிளறா என்னைக் கண்டு சிரிச்சாள். கதிரையிலை இருத்திச் சப்பாத்தைக் கழட்டச் சொல்லிச்சினம். ஒரு சொக்ஸிலை ஓட்டை, பெருவிரல் தெரிஞ்சது, அவள் மற்றக் காலாலை அதை மறைச்சாள். கூட்டத்துக்கு வந்திருந்த டொக்டர் பொம்பிளை ஒரு விரலாலை காலைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, சந்தையிலை மீன் பாக்கிற மாதிரி. ஒர்னெல்லா ரீச்சர் தலையைத் தடவிக்கொண்டு, நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை எண்டா. என்ரை பிள்ளை ஒருத்தரையும் பாக்கேல்லை. என்னையும் பாக்கேல்லை. முழுப் பிள்ளை, முழுப் பிள்ளை எண்டு வருசம் முழுக்கச் சொல்லிப்போட்டுக் கடைசியிலை அவை பாத்தது ரெண்டு காலை.

நீங்கள் என்ரை பிள்ளையைக் காப்பாத்தினியள். பிள்ளை வீட்டிலை இருக்கலாம் எண்டு சொல்லிப்போட்டினம். அதுக்கு நான் சாகும் வரைக்கும் நன்றி சொல்ல வேணும், சொல்லுறன். காப்பாத்தின விதத்தை நினைக்க ஓங்காளிக்குது. இந்த ரெண்டையும் எப்பிடி ஒரு வயித்துக்கை வைச்சிருக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் கண்ணை மூடிப் படிச்ச பயிற்சியிலை அதைச் சொல்லித் தந்தவையோ?

சனிக்கிழமையளிலை நானும் பேனாட்டும் தாய் தகப்பன்மாரின்ரை வட்டத்துக்குப் போக வேணுமாம். அதுதான் நிபந்தனை. நேற்றுத்தான் முதல் வட்டம். கம்பளம், கல்லு, எல்லாம் இருந்தது. கல்லு என்ரை கைக்கு வந்தது. நான் வேலை செய்யிற வீட்டிலை கத்தரிப்பூ நிறத்திலை ஒரு திரைச்சீலை இருக்கு, அதைத் தோய்க்கிறது பெரிய கரைச்சல் எண்டு சொல்லிப்போட்டுப் பேனாட்டிட்டைக் குடுத்தன். நான் திறந்து கதைச்சனாம். கை தட்டினவை.

இப்ப உங்களுக்கு எழுதின காரணத்துக்கு வாறன்.

கூட்டத்துக்குப் பிறகு நான் கிளறாவை ஏசேல்லை. ஒருக்காக்கூட இல்லை. வாய் திறக்கேக்கை உங்கடை உள்ளங்கால் வந்து நிக்குது. எந்த வசனத்தை எடுத்தாலும் அதுக்குள்ளை ஒரு கத்தியோ நெருப்போ இருக்கு: தோலை உரிப்பன், முதுகிலை போடுவன், கொல்லுவன். எங்கடை அம்மா என்னோடை கதைச்ச தமிழ் அதுதான். வேறை தமிழ் எனக்குத் தெரியாது. அதாலை இத்தாலியனிலை கதைக்கத் தொடங்கினன். சிஞ்ஞோரா வீட்டிலை கதைக்கிற இத்தாலியன்தான் எனக்கு வரும். தயவு செய்து, பரவாயில்லை, நான் எடுத்து வைக்கிறன், உங்களுக்கு வேறை ஏதும் வேணுமோ. மெல்லிசாக் குரலை வைச்சுக்கொண்டு. நல்லாத்தானே இருக்கு, ஒருத்தரும் இதிலை பிழை பிடிக்க ஏலாது எண்டு நினைச்சன்.

இண்டைக்குக் காலமை பூசைக்கு வெளிக்கிடேக்கை பால் கிளாசைத் தட்டிப்போட்டாள். மேசை, நிலம், நான் மினுக்கி வைச்ச பாவாடை, எல்லாம் பால். நிமிர்ந்து என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள், இண்டைக்காவது ஏசுவனோ எண்டு. நான் அந்தக் குரலிலை, பரவாயில்லை, ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டுத் துணி எடுக்கப் போனன்.

திரும்பி வர, அவளே முழங்காலிலை நிண்டு துடைச்சுக்கொண்டிருக்கிறாள். என்னை நிமிர்ந்து பாக்காமல், "ஸ்கூஸி" எண்டாள். வீட்டிலை தாயிட்டை மன்னிப்புக் கேக்கிறதெண்டால் ஸ்கூஸா. ஸ்கூஸி எண்டு சொல்லுறது பிற ஆக்களுக்கு. உங்களுக்கு அதை நான் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

எமிலி